குரோத் ஃபேக்டர் ஊசி போட்டால் கட்டியும் சேர்ந்து வளருமா?

குடமுருட்டிக்கரை:
எங்க ஊர் பாபநாசம் பக்கம். அம்மாவுக்கு மார்பில் கட்டி, தஞ்சாவூரில் கீமோ ஓடுகிறது. இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் காய்ச்சல். மொத்த வெள்ளணு 1,200, அதில் கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோபில் என்ற வகை 28 சதவீதம். அட்மிட் பண்ணி ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், வெள்ளணுவைக் கூட்டும் குரோத் ஃபேக்டர் என்று ஃபில்கிராஸ்டிம் ஊசியும் ஐந்து நாள் போட்டார்கள். ஆறாம் நாள் பார்த்தால் வெள்ளணு 19,000! இப்போது இடுப்பும் நெஞ்செலும்பும் விண்விண்ணென்று தெறிக்கிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இதற்கிடையில் சித்தப்பா, "குரோத் ஃபேக்டர்னா வளர்ச்சி மருந்தாச்சே, கட்டியும் வளர்ந்துடாதா?" என்று கேட்டுவிட்டார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊசி வேண்டாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு:
தம்பி, கும்பகோணத்தில் 22 வருஷமாக லேபில் ரத்தம் எண்ணுகிறவள் நான். 1,200-ல் 28 சதவீதம் என்றால் 336. நியூட்ரோபில் 500-க்குக் கீழே போனால், குடலிலும் தோலிலும் சும்மா கிடக்கிற கிருமிகூட ரத்தத்தில் ஏறிவிடலாம். அம்மா அதைத் தாண்டி வந்திருக்கிறார்.

ஃபில்கிராஸ்டிம் வெளியிலிருந்து வந்த புது மருந்தில்லை. நம் உடம்பிலேயே சுரக்கும் ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதத்தின் நகல்தான். மேட்டூரைத் திறந்துவிட்டாலும் மதகு இருக்கிற வயலுக்குத்தானே தண்ணீர் பாயும்? அதுபோல இந்தப் புரதத்துக்கான ஏற்பி, அதாவது சேதியை வாங்குகிற கொக்கி, மேலே இருக்கிற செல்தான் அது சொல்வதைக் கேட்கும். எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோபிலாக மாறப்போகிற இளஞ்செல்களின் மேல் அந்த ஏற்பி இருக்கிறது. புரதம் போய் ஒட்டியதும் ஜாக், ஸ்டாட் என்ற புரதங்கள் வழியாக உட்கருவுக்குச் சேதி போகிறது: பிரி, சீக்கிரம் முதிர், சாகாமல் இரு.

அம்மாவைப் போன்றவர்களின் ஸ்லைடை லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால் அப்படியே தெரியும். முதிர்ந்த நியூட்ரோபிலின் உட்கரு மூன்று நான்கு முடிச்சாக இருக்கும். ஊசி போட்ட நாலாம் நாள், மாட்டு லாடம் மாதிரி வளைந்த உட்கருவோடு இளசுகள் வரிசையாக வந்து நிற்கும். மஜ்ஜை அவசரமாக அனுப்பி வைத்தவை. இடுப்பு தெறிப்பதும் அதனால்தான், மஜ்ஜை அத்தனை வேகமாக வேலை செய்கிறது.

அதனால் சித்தப்பா பயப்படுவதுபோல் இது எல்லாச் செல்லையும் வளர்க்கிற மருந்தில்லை. மார்புக் கட்டிக்குக் கீமோ எடுப்பவர்களுக்கு இந்த ஊசி பல வருஷமாகப் பழக்கத்தில் இருப்பது. அமெரிக்காவில் 1991-லேயே அனுமதி வந்துவிட்டது. மஜ்ஜையின் இளஞ்செல்களில் தொடங்கும் மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோயில் மட்டும் டாக்டர்கள் தனியாக யோசிப்பார்கள், அந்தப் புற்றுச் செல்களிலேயே இந்த ஏற்பி இருக்கலாம் என்பதால்.

குடமுருட்டிக்கரை:
அக்கா, ரொம்ப நன்றி. 19,000 இன்னும் ஏறிக்கொண்டே போகாதா? மற்ற எதிர்ப்பு செல்களும் இப்படிக் கூடுமா?

வெண்ணாற்று வாத்தியார்:
ஏறாது. நியூட்ரோபில்களே அந்தப் புரதத்தை ஏற்பியோடு உள்ளே இழுத்துச் செரித்துவிடும். செல் பெருகப் பெருகப் புரதம் குறையும். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் எண்ணிக்கை பாதியாகிவிடும்.

இன்னொரு எதிர்ப்பு செல்லான டி செல்லின் கணக்கு வேறு. அதற்கு முக்கியமான வளர்ச்சிக் காரணி இன்டர்லூக்கின்-2, 1976-ல் கண்டுபிடித்தது. தனக்குரிய கிருமியின் துணுக்கை அடையாளம் கண்ட டி செல் மட்டுமே அந்தக் காரணியை இறுகப் பிடிக்கும் ஏற்பியை முழுசாக மேலே கொண்டுவரும். அதனால்தான் ஒரு காய்ச்சலுக்கு எல்லா டி செல்லும் பெருகுவதில்லை, வேண்டியவை மட்டும் பெருகுகின்றன. இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் பாடத்தில் நடத்தியதில்லை.

அரசலாறு:
தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. கீமோ ஏறிய 24 மணி நேரத்துக்குள் இந்த ஊசி போடக்கூடாது. பிரிகிற செல்லைத்தான் கீமோ கொல்லும், நாமே பிரியச் சொல்லி அதற்குப் பலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். வலிக்கு பாராசிட்டமால் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் மாத்திரைக்கு முன்னால் காய்ச்சல் பாருங்கள், இல்லாவிட்டால் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். இடது விலாவுக்குக் கீழே வலி வந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே கூட்டிப்போங்கள். மண்ணீரலாக இருக்கலாம்.

குடமுருட்டிக்கரை:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 24 மணி நேர விஷயத்தைக் கேட்டதும், "ஆமாம்டா, களைக்கொல்லி அடிச்ச வயல்ல அன்னிக்கே விதை விடுவோமா?" என்றார். வெள்ளிக்கிழமை கீமோ, சனிக்கிழமை சாயங்காலம் ஊசிக்கு வருகிறாராம். ஊசியை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

அரசலாறு:
வைக்கலாம், நடுத்தட்டில். ஃப்ரீஸரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைந்தால் வீண். பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஐஸ் நேராக ஊசியில் படாமல் துணி சுற்றி.