ராப்பில் சொல் பின்னுக்குப் போய்விட்டதா?

கேள்வி: கோத்தகிரி கேசட்

2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ ராப் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எதுகையும் மோனையுமாக விழுந்த அந்த வரிகளை எழுதிவைத்து மனப்பாடம் செய்தவர்கள் எங்கள் விடுதியில் பலர். இப்போது என் அக்கா மகன் கேட்கும் ராப் பாடல்களில் ஒரு வரிகூடத் தெளிவாகக் காதில் விழுவதில்லை. குரல் ஏதோ இயந்திரத்துக்குள் போய் வருவதுபோல் இழுபடுகிறது. இரண்டு நிமிடத்தில் பாட்டே முடிந்துவிடுகிறது. எனக்கு வயதாகிவிட்டது என்கிறான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இசையே மாறியிருக்கிறது என்றால் அது எதனால் மாறியது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்ற வகைப் பதில்கள் வேண்டாம்.

பதில்: ஊட்டி சவுண்டு சர்வீஸ்

மாறியிருக்கிறது. ஆனால் நீங்கள் தொடக்கம் என்று நினைப்பது நடுப்பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றியதைத்தான் ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹாப்பின் பிறப்பாகச் சொல்வார்கள். பாட்டின் நடுவே தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளுக்குத்தான் கூட்டம் அதிகமாக ஆடுகிறது என்பதைக் கவனித்த அவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றொன்றில் அதே இடத்தைத் தொடங்கி, அதை நீட்டிக்கொண்டே போனார். மைக் பிடித்தவரின் வேலை கூட்டத்தை உற்சாகப்படுத்துவது மட்டுமே. சொல்லுக்கு முதலிடம் கிடைத்தது பின்னர்தான். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ சேரி வாழ்க்கையைப் பாடியது, எண்பதுகளின் பிற்பாதியில் ராப் பாடகர் ரக்கிம் வரியின் நடுவிலும் இயைபு அமைத்தார்.

அடுத்த திருப்பம் நீதிமன்றத்தில் நடந்தது. பழைய பாடலின் துண்டை அனுமதியின்றி எடுத்தாண்டதற்காக ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக 1991இல் நியூயார்க்கில் தீர்ப்பு வந்தபின், துண்டுகளை அடுக்கிப் பாட்டுக் கட்டுவது பணச்செலவுள்ள காரியமாயிற்று. கருவியில் சொந்தமாக ஒலி உருவாக்குவது மலிவாகத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்து சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்ட டிஆர்-808 தாளக்கருவியின் ஆழ்ந்த முழக்கம்தான் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உருவான ‘டிராப்’ என்ற ராப் வகைக்கு இன்றும் முதுகெலும்பு. அதன்மேல் ஆட்டோ-டியூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் போட்ட குரல் பாதி பேச்சாகவும் பாதிப் பாட்டாகவும் மிதக்கிறது. ஒன்று கேட்கிறேன்: இந்தப் பாடல்களைக் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியிலா கேட்கிறீர்கள்? அந்த முழக்கம் அதில் வரவே வராது.

பதில்: பந்தலூர் பேரன்

அமெரிக்காவின் கணக்கை அப்படியே தமிழுக்குப் போடுவதை நான் ஏற்கவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, டான்டீ எனும் தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. 2021இல் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தபோது எங்கள் லயன் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) முழுவதும் அது ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எழுதினார் என்று தெரிந்ததும், தொலைக்காட்சியில் நாடகம் தவிர எதையும் பார்க்காத என் பாட்டி அதை மறுபடியும் போடச் சொன்னார். ஒப்பாரியின் சாயல் அதில் இருப்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘என்னை யாரும் வெல்ல முடியாது’ என்று மார்தட்டுவது முந்திய தலைமுறைத் தமிழ் ராப்பில் நிறையவே உண்டு, அதுவும் எனக்குப் பிடிக்கும்; ஆனால் நிலம், சாதி, கூலி என்று பெயர் சொல்லிப் பேசிய 2018க்குப் பிந்தைய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு போன்றோரிடம் சொல்லின் கனம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அண்ணா, உங்கள் அக்கா மகன் கேட்கும் நான்கு பாடல்களை வைத்துத் தலைமுறைக்கே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பதில்: குன்னூர் குளிர்

பாட்டின் நீளம் குறைந்ததற்குக் காரணம் கலையைவிடக் கணக்கே என்பது என் கருத்து. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டாலே ஒருமுறை கேட்டதாகப் பதிவாகிவிடும். பாட்டு இரண்டு நிமிடமானாலும் ஐந்து நிமிடமானாலும் அது ஒருமுறைதான். அப்படியிருக்க யார் நீட்டுவார்கள்? முன்னிசை சுருங்கியதும் இதனால்தான்.

கோத்தகிரி கேசட்:

பந்தலூர்த் தம்பி சொன்னதை ஏற்கிறேன். தமிழில் நான் கேட்டது குறைவு. ஆம், கைபேசியில்தான் கேட்கிறேன். இன்னொரு ஐயம்: புதிய பாடல்களில் பலரும் ஒரே மாதிரி மும்மூன்றாகக் கொட்டுகிறார்களே, அது என்ன?

ஊட்டி சவுண்டு சர்வீஸ்:

நம் ஊர்க் கணக்கில் அது திஸ்ரம். ஒரு தாளத் தட்டுக்குள் நான்கு அசைகளுக்குப் பதிலாக மூன்று, அதாவது ‘தகிட தகிட’. அமெரிக்காவின் மெம்பிஸ் நகர ராப் பாடகர்கள் தொண்ணூறுகளிலேயே இதைக் கையாண்டார்கள். 2013இல் மீகோஸ் குழு ‘வெர்சாச்சி’யில் பாடியபின் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. தமிழில் குறிலாக வரும் மூன்றெழுத்துச் சொற்கள் இதற்குள் கச்சிதமாக உட்காரும், நெடில் வந்தால் இடிக்கும். அதனால் நம்மவர்கள் சில இடங்களில் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள், உங்கள் புகாரில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு தொடையில் தட்டியபடி அந்தப் பாட்டைக் கேளுங்கள்.