மழை பெய்தால் ஸ்விட்ச் போர்டில் தண்ணீர்: வயரிங் பைப் அனுபவங்களைப் பகிருங்கள்

களியக்காவிளை வீட்டுக்காரர்:

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் இடவப்பாதி மழையும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசியில் இடியோடு வரும் மழையும் உண்டு. சென்னையில் வீடு கட்டியவர்கள் சொல்லும் வயரிங் யோசனைகள் இங்கே பாதிதான் செல்லும். அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

போன மழையில் மாடிப்படியோரம் இருக்கும் ஸ்விட்ச் போர்டில் தண்ணீர் கசிந்தது. சுவரில் ஈரம் இல்லை, பெயின்ட் பொங்கவில்லை. போர்டின் கீழ் விளிம்பில் மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சைத் தூக்கி விட்டால் உடனே விழுந்தது. மொட்டைமாடி முழுக்க வாட்டர்ப்ரூஃபிங் செய்யாமல் தீராது என்று ஒருவர் சதுர அடிக் கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போனார்.

பாறசாலையிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் சேட்டன் மெயினை அணைத்து, போர்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். பாக்ஸின் மேல்பக்கம் வந்து முட்டும் 20 மி.மீ. பைப்பின் வாயில் வயர்கள் நனைந்து மினுங்கின. ஒரு வயரின் வளைவில் சொட்டு திரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சின் மேல் விழுந்தது. "மேலே போகலாம்" என்றார். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், ஃப்ளோட் ஸ்விட்சுக்காக (தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துவது) விட்ட பைப் வானத்தைப் பார்த்தபடி திறந்து நின்றது. தளத்தில் கசிவே இல்லை. மழை அந்தப் பைப்புக்குள் நேராக இறங்கி வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அவர் செய்தது சின்ன வேலை. நீட்டிக்கொண்டிருந்த பைப்பின் தலையில் இரண்டு பெண்டு (வளைவுத் துண்டு) போட்டு, வாய் தரையைப் பார்க்கும்படி திருப்பினார். வயர் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலேறி தொட்டிக்குப் போகிறது. தண்ணீர் வயர் வழியே ஓடினாலும் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். நனைந்த வயரை உருவிப் புது வயர் இழுத்தார். ஸ்விட்சுகளையும் மாற்றினார். வாட்டர்ப்ரூஃபிங் காரருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

பளுகல் எலக்ட்ரீசியன்:

அண்ணா, இது மழை தொடங்கினால் எங்களுக்கு வழக்கமாக வரும் கேஸ். தொட்டி லைன், சோலார் லைன், டிஷ் ஆன்டெனா கேபிள் மூன்றுமே மாடியிலிருந்துதான் இறங்கும். எல்லோரும் உள்ளே வயர் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். பைப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வீட்டைச் சுற்றி வெளியே பைப் ஓட்டும்போது நான் பார்ப்பது இதுதான்: வெளிச்சுவர் பாக்ஸுக்குள் பைப் எப்போதும் அடியிலிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் எந்தப் பசையும் நிலைக்காது. கேட் விளக்குக்குக் காம்பவுண்டு சுவரில் போகும் பைப்பைச் சற்றுச் சரிவாகப் பிடித்து, ஆகத் தாழ்ந்த பாக்ஸின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை விடுவேன். சிலிக்கானை எல்லா இடத்திலும் அப்பச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்துச் சண்டைக்கே வருவார்கள். பகலில் வெயிலில் சூடாகி இரவில் குளிரும் பைப்புக்குள் ஈரக்காற்று தானாகவே வேர்க்கும். அந்தத் தண்ணீர் வெளியே போக வழி வேண்டாமா?

இன்னொன்று, வெட்டுக்கல் (செம்பாறையில் வெட்டி எடுக்கும் கல்) சுவர். செங்கல்லில் கட்டரை ஓட்டினால் பைப் பதிக்கும் பள்ளம் கோடு போட்டதுபோல் விழும். வெட்டுக்கல் பொருபொருவென்று உதிர்ந்து, ஒரு அங்குலம் கேட்டால் மூன்று அங்குலம் கொடுக்கும். அதனால் மேலிருந்து கீழாக மட்டும் வெட்டுவோம். குறுக்கே நீளமாக வெட்டினால் சுவரின் பலம் போய்விடும். பைப்பைப் பதித்த பிறகு மேலே கோழிவலை வைத்து ஆணியடித்துப் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வேனலில் பைப் போன வழியெல்லாம் விரிசல் வரும். கொத்தனார் "அதெல்லாம் வேண்டாம்" என்பார். கேட்காதீர்கள்.

நீரோடி:

கடலுக்கு ஒரு கல்லெறி தூரத்தில் வீடு. இரும்புப் பைப் உறுதியானது என்று மாமா பிடிவாதமாகப் போட்டார். உப்புக்காற்றில் கிளாம்புகள் முதலில் துருப்பிடித்து உதிர்ந்தன, பிறகு பைப் ஜாயின்ட். இப்போது பி.வி.சி. அதிலும் மெலிந்த வெள்ளைப் பைப் வெயில் படும் மேற்குச் சுவரில் உடைந்தது, கையால் அழுத்தினாலே நொறுங்கும். ஹெவி வகை வாங்கி மேலே பெயின்ட் அடித்தோம். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்றக் கட்டர் கூலி கொடுத்தவனுக்கு அது பெரிதில்லை.

அருமனை ஓட்டு வீடு:

எங்கள் வீடு பழையது, ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த மச்சு. தாத்தா காலத்து வயரிங் மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓடியது. மச்சுக்கு மேல் மரநாய் குடியிருக்கும், எலிக்கும் குறைவில்லை. ஒருநாள் ராத்திரி கருகிய வாடை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், வயரின் தோலை எலி கொறித்து உள்ளே செம்பு தெரிகிறது, பக்கத்தில் காய்ந்த ஓலைத்துண்டும் தேங்காய் நாரும் குவிந்து கிடக்கிறது. நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

இப்போது மச்சுக்கு மேல் வயர் முழுக்கப் பைப்புக்குள்தான். அறைக்குள் சுவரை வெட்டாமல் வெளியோட்டமாகப் பிடித்தோம், தேக்குப் பலகையை வெட்ட மனம் வரவில்லை. எர்த் வயர் அந்த வீட்டில் அதுவரை கிடையாது. பச்சை வயர் போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தது அப்போதுதான். எனக்கு ஒரு சந்தேகம்: கிணற்று மோட்டாருக்கு மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும். சாதாரண பி.வி.சி. பைப்பில் வீட்டு வயரை இழுத்துப் புதைத்தால் போதுமா?

பளுகல் எலக்ட்ரீசியன்:

போதாது. மண்ணுக்கடியில் போகும் பைப்பை எவ்வளவு ஒட்டினாலும் நம்மூர் மழைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும். ஒற்றைத் தோல் வீட்டு வயர் தண்ணீரில் கிடப்பதற்கு ஆனதில்லை. ஆர்மர்டு கேபிள் (உள்ளே இரும்புக் கவசம் சுற்றியது) எடுங்கள். இரண்டடிக்கு மேல் ஆழம் தோண்டி, அடியிலும் மேலேயும் மணல் போட்டு, மேலே செங்கல் வரிசை வையுங்கள். பின்னால் வாழைக்குக் குழி தோண்டுபவர் கடப்பாரை முதலில் செங்கல்லில் படும். தரைக்கு மேலே வரும் இடத்தில் மட்டும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், வேலை யாரிடம் கொடுத்தாலும் சரி, புது கனெக்‌ஷனுக்கோ லோடு கூட்டவோ விண்ணப்பிப்பதாக இருந்தால் தமிழ்நாட்டு லைசென்ஸ் உள்ளவர் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்து லைசென்ஸ் இங்கே செல்லாது. முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அருமனை ஓட்டு வீடு:

நன்றி அண்ணா. செங்கல் இருக்கிறது, பழைய தொழுவத்தை இடித்தது. கேபிளுக்கு நாளைக்கே மார்த்தாண்டம் போகிறேன். எத்தனை மீட்டர் என்று அளந்துவிட்டு மறுபடியும் இங்கே எழுதுகிறேன், மோட்டார் ஒன்றரை ஹெச்.பி.