துணிக்கு இருக்கும் சான்று சட்டைக்கும் போதுமா?

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடையில் அக்காவின் ஐந்து மாதப் பிள்ளைக்குப் பருத்திச் சட்டைகள் வாங்கினேன். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு. கம்பனிப் பெயரைக் கத்தரித்துவிட்டார்கள்; நச்சுப்பொருள் சோதனையில் தேறியதைக் காட்டும் 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100' சான்று அட்டை மட்டும் தொங்கியது. துவைத்து வெயிலில் காயவைத்த பிறகும், நெஞ்சில் இறப்பர் போலத் தடித்திருக்கும் யானைப் படத்தில் பெயின்ற் வாடை போகவில்லை. பிள்ளைக்கு இன்னும் போடவில்லை.

அட்டையிலிருந்த இலக்கத்தை ஓகோ-டெக்ஸ் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். சான்று காலாவதியாகவில்லை. ஆனால் பொருள் 'பின்னல் துணி', வகுப்பு 2 என்று வருகிறது. மூன்று வயது வரையான பிள்ளைகளின் ஆடைக்கு வகுப்பு 1 அல்லவா வேண்டும்? 2 என்பது தோலில் படும் மற்ற ஆடைகளுக்கானது. கடைக்காரரோ, "சான்று இருக்கிறதுதானே, பிறகென்ன?" என்கிறார். சான்றை அவர் படித்திருப்பார் என்று தோன்றவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் மச்சாளுக்கும் அச்சுப் பகுதி பற்றித் தெரியவில்லை. இயற்கைப் பருத்திக்கான கொட்ஸ் சான்றை நான் தேடவில்லை. நச்சுப்பொருள் இல்லை என்ற உறுதி கிடைத்தால் போதும்.

ஆடைத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: துணிக்குக் கொடுத்த சான்று, அதன்மேல் பிறகு அச்சிட்ட படத்துக்கும் செல்லுமா?