ஃபெரிட்டின் 900தான், இதயத்துக்கு எம்ஆர்ஐ தேவையா?

கேள்வி:
மகளுக்கு 11 வயது, தலசீமியா மேஜர் (தொடர்ந்து ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை ரத்தநோய்). மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறோம், அதனால் சேரும் இரும்பை வெளியேற்ற தினமும் டெஃபெராசிராக்ஸ் மருந்து கொடுக்கிறோம். உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான ஃபெரிட்டின் இந்த முறை 900. ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டோம். இப்போது டாக்டர் இதயத்துக்கு டி2 ஸ்டார் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட்) நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் இது எதற்கு? அந்தக் குழாய்க்குள் படுக்க அவளுக்கு ஒரே பயம்.

பதில்:
அண்ணா, நானும் தலசீமியா மேஜர்தான், வயது 34. தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு தானாக இழப்பது நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான். மிச்சம் முதலில் கல்லீரலில் சேரும். பிறகு இதயம், கணையம் என்று போகும். மருந்து கல்லீரலைச் சீக்கிரம் காலி செய்துவிடும். இதயத்திலிருந்து இரும்பு இறங்க ரொம்ப நாள் பிடிக்கும். அதனால் ஃபெரிட்டின் அழகாக இருக்கும்போதே இதயத்தில் இரும்பு உட்கார்ந்திருக்கலாம். எக்கோவில் மாற்றம் தெரிகிற வரை காத்திருப்பது தாமதம்.

டி2 ஸ்டார் என்பது இதயத்தில் இரும்பு எவ்வளவு என்று எம்ஆர்ஐ காட்டும் அளவு, இரும்பு கூடினால் அது குறையும். 20 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 10க்குக் கீழே போனால் ஆபத்து. எனக்கு ஒரு முறை 14 வந்தது. படபடப்பு, மூச்சு வாங்கல் எதுவுமே கிடையாது, படியெல்லாம் ஓடி ஏறிக்கொண்டிருந்தேன்! இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோனும் சேர்த்துக் கொடுத்தார்கள், மெல்ல மெல்ல 20ஐத் தாண்டியது.

பயத்துக்கு ஒரு வழி. இந்த ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை என்று முதலில் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். சத்தம் அதிகம் இருக்கும், இடையிடையே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே படுத்துப் பழகட்டும்.

பதில்:
ரத்தநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். அக்கா சொன்னது சரி. டெஃபெரிப்ரோன் சேர்க்க நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: காய்ச்சல் வந்தால் உடனே மருந்தை நிறுத்தி, அன்றைக்கே வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள். காய்ச்சலோடு ஃபெரிட்டின் டெஸ்ட்டும் எடுக்காதீர்கள், சும்மாவே ஏறிக் காட்டும். பத்து வயது தாண்டிவிட்டதால் சர்க்கரை, தைராய்டு, உயரம் எல்லாம் வருடா வருடம் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றிம்மா, இருவருக்கும். அவள் பல்லில் கம்பி போட்டிருக்கிறாள், அது பிரச்சினையா?

பதில்:
பெரும்பாலும் இல்லை அண்ணா. ஆனாலும் தேதி வாங்கும்போதே ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.