கிண்டில் வாங்கினால் நூலகம் பிடிஎஃப் எல்லாம் வாசிக்கலாமா?

அலைக்கரை
வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட வாடகை வீடு. அலுமாரியில் வைத்த புத்தகம் இரண்டு மழை போனதும் பூஞ்சணம் பிடித்து மணக்கிறது, வீடு மாறும்போது அந்தப் பெட்டிகளைத் தூக்குவதும் நான்தான். 100ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது போனில் வாசிக்கப் பார்த்தேன், பாதி நேரம் வாட்ஸ்அப்பிலேயே போய்விடுகிறது. அமேசானின் மின்நூல் வாசிக்கும் கருவி, 6 அங்குலக் கிண்டில் ஒன்று வாங்கினால் தமிழ் ஒழுங்காகத் தெரியுமா? முக்கியமாக, இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இருந்து இறக்கி வைத்திருக்கும் 200 பிடிஎஃப்களை அதில் வாசிக்கலாமா? பாவிக்கிறவர்கள் சொல்லுங்கோ.

கண்ணாடிக்காரி
ஐந்தாறு வருசமாக வைத்திருக்கிறேன், கண் எரிவதே இல்லை. திரைக்குள்ளே மிகச் சின்னக் குமிழிகள், அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துணிக்கைகள். அவை இடம் மாறித்தான் எழுத்து வருகிறது, விளக்கைப் போடாவிட்டால் பக்கம் புரட்டும்போது மட்டும்தான் திரைக்குக் கரண்ட் தேவை. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டின நாட்களில் போன் செத்துக் கிடக்க, நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். காலிமுகத்திடலில் உச்சி வெயிலிலும் எழுத்து வடிவாகத் தெரியும். தமிழும் பிரச்சினை இல்லை, அமேசானே 2016 கடைசியில் இருந்து கிண்டிலுக்குத் தமிழ்ப் புத்தகம் விற்கிறது.

பழைய பிரதி
அக்கா சொன்னது சரி, ஆனால் தம்பி கேட்டது பிடிஎஃப் பற்றி. நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்தவை, அதாவது படம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடிந்து வராது, பக்கம் முழுவதும் பெருத்துத் திரைக்கு வெளியே ஓடும். பெருக்காமல் விட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், ர எது, கால் எது என்றே தெரியாது. இரண்டு பத்தியில் அச்சடித்த பழைய சஞ்சிகை என்றால் சொல்லவே வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கினால் திரைக்கேற்ப வரி மடிந்து வரும் ஈபப் கோப்பு என்றால் கதையே வேறு: மதுரைத் திட்டம் 1998இல் இருந்து பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் 6 அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப்பும் இருக்கிறது. ஆகவே எந்த மெசின் என்று பார்க்க முதல், உங்களிடம் என்ன கோப்பு இருக்கிறது என்று பாருங்கோ.

மருதானைப் பக்கம்
நான் இன்னும் பழைய புத்தகக் கடைதான். வாசித்ததை மச்சானுக்குக் கொடுக்கலாம், திரும்ப விற்கலாம். 2009இல் அமேசான் உரிமைச் சிக்கல் என்று சொல்லி, ஆட்கள் காசு கொடுத்து வாங்கின ஓர்வெல்லின் 1984ஐ அவர்களுடைய கிண்டிலில் இருந்தே அழித்தது தெரியும்தானே? காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது வேறு கதை.

அலைக்கரை
எல்லோருக்கும் நன்றி. நேற்று சிநேகிதன் ஒருவனின் கிண்டிலை வாங்கி என் கோப்பு மூன்றை ஏற்றிப் பார்த்தேன். கதைப்புத்தகம் இரண்டும் பக்கவாட்டில் பிடித்தால் அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் பரவாயில்லை. சஞ்சிகையில் ஒரு பக்கம் முடிக்க நாலு தரம் இழுக்க வேண்டியிருந்தது, பம்பலப்பிட்டி வருவதற்குள் மூடிவிட்டேன். யாரிடமாவது பாவித்த 10 அங்குல ரீடர் விற்பனைக்கு இருக்கிறதா?