ஹார்ட் ஹேட்: 'வன்தொப்பி' சரிப்படுமா?

வணக்கம்.

கட்டுமானத் தளங்களிலும் ஆலைகளிலும் தலையில் போடும் 'ஹார்ட் ஹேட்'டைத் தமிழில் 'வன்தொப்பி' எனலாம் என்று ஒரு யோசனை. சொல்லுக்குச் சொல் சரி, ஓசையும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நெருடுவது பொருள். தலையைக் காப்பது வன்மை மட்டும் இல்லையே.

ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்பில் நான்கு அல்லது ஆறு இடங்களில் மாட்டிய நாடாக்கள் உள்ளே குறுக்காக ஓடும். தலை உட்காருவது அந்த நாடாவில்தான். அதற்கும் மேலோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. ஸ்பேனர் விழுந்தால் ஓடு கொஞ்சம் அமுங்கும், நாடா இழுபடும், அடியின் வேகம் அங்கேயே கரையும். இந்தக் கவசங்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 397. அதன் சோதனையில் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். உள்ளே போகும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. அந்த இடைவெளியில் சிகரெட் பெட்டியைச் செருகி வைக்கிற ஆளை நானே பார்த்திருக்கிறேன். கவசத்தின் பாதியை அவரே அடைத்துவிட்டார்!

ஆங்கிலப் பெயரில் 'ஹார்ட்' வந்த கதை வேறு. 1919இல் புல்லார்ட் நிறுவனம் கித்தான் துணியை ஆவியில் வேகவைத்துப் பசையேற்றி 'ஹார்ட் பாயில்டு ஹேட்' என்று விற்றது. அந்த வரலாற்றை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொரு சிக்கல், பம்ப் கேப் (bump cap) என்ற லேசான தொப்பி. தாழ்வான குழாயில் நாமாகப் போய் இடித்துக்கொண்டால் காக்கும்; மேலிருந்து விழுவதைத் தாங்காது. அதற்கான தரமே வேறு, ஈஎன் 812. இரண்டையும் 'தொப்பி' என்றால் ஸ்டோரில் மாற்றி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே விழுவதைத் தாங்குவது 'பணித் தலைக்கவசம்', மற்றது 'முட்டுத்தொப்பி'. வெறும் 'தலைக்கவசம்' என்றால் மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும், அதனால்தான் 'பணி' என்ற அடைமொழி. 'ஓட்டுத்தொப்பி' என்றும் ஒரு யோசனை வந்தது. தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் கொடுப்பது போல இருக்கிறது, வேண்டாம்.

உள்நாடா அமைப்புக்கு ஆங்கிலத்தில் 'சஸ்பென்ஷன்' என்பதால் 'தொங்கல்' என்றெல்லாம் போக வேண்டியதில்லை. தலைக்கும் சுமைக்கும் நடுவே இருப்பதற்கு நம்மிடம் 'சும்மாடு' இருக்கிறது. அப்புறம் மேலோடு, தாடைவார். பின்னந்தலையில் சுற்றளவைக் கூட்டிக் குறைக்கும் ராட்செட்டுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. 'இறுக்குத்திருகு' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ தண்டனைக் கருவி மாதிரி ஒலிக்கிறது. யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.