லீவுக்கு நேரு இன்டோர் ஸ்டேடியம் போயிட்டு வந்தவங்க சொல்லுங்க (தடா, ஆரம்பாக்கம், சத்தியவேடு, நகரி பக்கத்து ஆளுங்க)

தடாக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு லீவு கிட்ட வருது, எங்க வீட்டுப் பசங்க இப்பவே தொல்லைய ஆரம்பிச்சாச்சு, இந்த வாட்டி எங்க கூட்டிட்டுப் போற, ஸ்டேடியத்துல என்ன நடக்குதுன்னு. அதான் நம்ம தமிழ்நாடு ஆந்திரா பார்டர் ஆளுங்க யார் யார் சென்னை நேரு ஸ்டேடியம் போயிருக்கீங்க, எப்படி இருந்துச்சு, திரும்பி எப்படி வந்தீங்கன்னு கேக்கலாம்னு. மொதல்ல என் அனுபவத்தச் சொல்லிடறேன், கொஞ்சம் பெருசு.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வந்து மூணு வாரம்கூட ஆகல. எங்க மாமா வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னு, பீரோவுக்கு அடியில இருந்த பழைய போட்டோ எல்லாம் ஊறிப் போச்சு. அதுல அவர் கபடி டீம் போட்டோவும் ஒண்ணு. மாமாவுக்கு அப்ப 68 வயசு. அந்தக் காலத்துல சங்கராந்திக்கு எங்க பக்கம் ஊருக்கு ஊர் போட்டி நடக்கும், இவரு லெஃப்ட் கார்னர்ல நின்னு புடிக்கிறவரு, கணுக்காலப் புடிச்சா விடவே மாட்டாராம். இந்தப் பக்கம் சடுகுடும்பாங்க, அந்தப் பக்கம் செடுகுடும்பாங்க, பாடி வர்றவன் எந்த பாஷையில பாடினாலும் மூச்சு விடக்கூடாது அவ்ளோதான். போட்டோ போனதுல இருந்து மனுஷன் சரியாவே பேசல. அத்தை என்கிட்ட வந்து எங்கயாச்சும் வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வாடான்னாங்க.

அந்த வருஷம் புரோ கபடி 10வது சீசன், சென்னை லெக் டிசம்பர் 22ல இருந்து 27 வரைக்கும் நேரு இன்டோர் ஸ்டேடியத்துல. நமக்கு அந்த ஸ்டேடியம் மாதிரி வசதி வேற கிடையாதுங்க, தடாவுல வண்டி ஏறினா மூர் மார்க்கெட் ஸ்டேஷன்ல இறங்கி ரிப்பன் பில்டிங் பக்கமா நடந்தே போயிடலாம். மாமா ஸ்டேஷன்ல இறங்கினதும் நின்னுட்டாரு. இந்த எடத்துலதான் பழைய மூர் மார்க்கெட் இருந்துச்சு, 1985ல எரிஞ்சு போச்சு, அதுக்கு முன்னாடி நான் இங்க வந்து பழைய பூட்ஸ் வாங்கிட்டுப் போயிருக்கேன்னு சொன்னாரு. மூணு வாரத்துல அவரா வாயத் தொறந்து பேசினது அதான் மொதல் தடவ.

உள்ள போனா 8000 பேர் உக்கார்ற எடம், முழுக்க ஏசி, நடுவுல அந்த மேட் மட்டும் வெளிச்சத்துல பளபளன்னு. மாமா உக்காந்ததும் முன்னாடி குனிஞ்சு காத வச்சுக் கேக்க ஆரம்பிச்சாரு. எனக்கு ஒண்ணும் புரியல. என்னா மாமான்னா, "பாட்டு கேக்கலியேடா"ன்றாரு. டிவில மைக் வச்சிருக்கறதால கபடி கபடின்னு கேக்குது, இங்க பாட்டு சத்தம், கூட்டத்து சத்தம், மேல இருந்து ஒண்ணுமே காதுல விழல. அது அவருக்குப் பெரிய ஏமாத்தம். பாட்டு கேக்காம ரைடர், அதான் பாடி வர்றவன், மூச்சு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு எப்படித் தெரியும்ன்றாரு. ஒரு ரைடுக்கு 30 செகண்ட்தான், கடிகாரம் மேல ஓடுது மாமான்னு காட்டினேன், கடிகாரத்தப் பாத்தா ஆட்டத்த எப்ப பாக்கறதுன்னாரு. அது நெஜம்தானே.

ஆனா செகண்ட் ஹாஃப்ல ஒரு ரைடு, டூ ஆர் டை, அதாவது ரெண்டு தடவ சும்மா திரும்பிட்டா மூணாவது தடவ பாயிண்ட் எடுத்தே ஆகணும் இல்லன்னா அவுட், அந்த ரைடர் போனஸ் கோட்டுக்குக் கால நீட்டுறான், லெஃப்ட் கார்னர்ல நின்னவன் இன்னும் அசையவே இல்ல, அதுக்குள்ள மாமாவோட கை என் முட்டிய கப்புன்னு புடிச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் அங்க அவன் கணுக்காலப் புடிச்சான். எனக்கு முட்டில நாலு விரல் அச்சு விழுந்துச்சு. 68 வயசுல அந்தப் புடி. நாங்க போன அன்னிக்கு நம்ம டீம் தமிழ் தலைவாஸ் தோத்துட்டாங்க, எனக்கு வருத்தம்தான், மாமாவுக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல, அந்த ஒரு புடியவே சொல்லிட்டு இருந்தாரு.

முடிஞ்சப்புறமும் எழுந்திருக்கல. கூட்டம் போகட்டும்னு கீழ கம்பி வரைக்கும் இறங்கிப் போயி, வேர்வை தொடைக்கிற பையன் ஒருத்தன் நின்னான், அவன்கிட்ட மேட் மெத்துன்னு இருக்குமா கெட்டியான்னு கேட்டாரு. தமிழ்ல கேட்டாரு, தெலுங்குல கேட்டாரு, அவனுக்கு ரெண்டும் தெரியல. அப்புறம் மாமா முஷ்டிய மடக்கி உள்ளங்கையில அமுக்கிக் காட்டினாரு. பையன் சிரிச்சுட்டு அங்கயே குந்தி, மேட்டுல முஷ்டிய வச்சு அமுக்கினான், கை எடுத்ததும் பள்ளம் மெதுவா மேல வந்துச்சு. மாமா தன் முட்டியத் தடவிக்கிட்டே ரொம்ப நேரம் அதப் பாத்துட்டு இருந்தாரு.

இதுல வண்டி போயிடுச்சு. 8 மணிக்கு ஒரு மேட்ச், 9 மணிக்கு ஒரு மேட்ச், ரெண்டாவது முடிய 10 ஆயிடும். தடா வழியா போற சூலூர்பேட்டை வண்டி கும்மிடிப்பூண்டி வண்டி மாதிரி அடிக்கடி கிடையாது. கும்மிடிப்பூண்டி வண்டிதான் கெடச்சுது, அங்க இறங்கி மச்சானுக்கு போன் போட்டு அவன் தூக்கத்துல பைக் எடுத்துட்டு வந்து, மாமாவ அவன்கூட அனுப்பிட்டு நான் பின்னாடி ஒரு ஆட்டோவுல வந்தேன்.

மத்தவங்க சொல்லுங்க.

நகரி தறிக்காரர்:

தம்பி, படிச்சதும் மனசு என்னமோ பண்ணிச்சு. எங்க ஊர்ல பவர்லூம் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன்.

நான் போனது 2020 ஜனவரி, சங்கராந்தி முடிஞ்ச கையோட. பேட்மின்டன் லீக் அந்த வருஷம் சென்னையிலதான் ஆரம்பிச்சாங்க, ஜனவரி 20, சென்னை டீமும் ஹைதராபாத் டீமும். ஹைதராபாத்துக்கு சிந்து. சென்னைக்கு காயத்ரி, அதான் கோபிசந்தோட பொண்ணு. ரெண்டும் நம்ம தெலுங்குப் பொண்ணுங்க, எதிர் எதிர் பக்கம். எங்க வீட்ல தமிழ், தெருவுல தெலுங்கு, பசங்க படிக்கிறது தெலுங்கு மீடியம், யாருக்குக் கை தட்டறதுன்னு என் பொண்ணு கேட்டா. ரெண்டு பேருக்கும் தட்டும்மான்னேன். அவ சின்னவளுக்கே தட்டினா, சிந்து சுலபமா ஜெயிச்சுட்டாங்க.

நான் கவனிச்ச ஒண்ணு சொல்றேன். இந்தக் காக், அதான் இறகுப் பந்து, இருக்குல்ல, அஞ்சு கிராம் சுமார்தான் எடை. ஏசி காத்து கொஞ்சம் அடிச்சாலே தள்ளிட்டுப் போகுது. ஒரே அளவு அடி, இந்தப் பக்கம் இருந்து அடிச்சா கோட்டுக்குள்ள விழுது, அந்தப் பக்கம் இருந்து அடிச்சா வெளிய போகுது. பக்கம் மாறினதும் முதல் நாலஞ்சு அடி ஆடறவங்க பாத்துப் பாத்து அடிக்கிறாங்க. நாங்க தறியில ஜன்னல் தொறந்திருந்தா நூல் ஆடுதேன்னு சாத்துவோம் பாருங்க, அது மாதிரி. டிவில இது தெரியவே தெரியாது.

வர்ற வழி எங்களுக்குக் கொஞ்சம் பரவால்ல, சென்ட்ரல்ல இருந்து அரக்கோணம், திருத்தணி வழியா ஏகாம்பரகுப்பம். ஆனா ராத்திரி வண்டின்னா திருத்தணியிலயே சொந்தக்காரங்க வீட்ல தங்கிடறது நல்லது.

சத்தியவேடு அம்மா:

எனக்கு ஒரு குறை ரொம்ப நாளா. நம்ம ரெண்டு பக்கத்துப் பசங்களுக்கும் லீவு ஒண்ணா வர்றதே இல்ல. ஊத்துக்கோட்டையில எங்க அண்ணன் பசங்களுக்கு அரையாண்டு லீவு டிசம்பர் கடைசில, என் பசங்களுக்கு கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு ரெண்டு நாள்தான், பெரிய லீவெல்லாம் தசராவுக்கும் சங்கராந்திக்கும். சேந்து எங்கயும் போகவே முடியாது. 2025ல மட்டும் நல்லா அமைஞ்சுது, கபடி சென்னையில செப்டம்பர் 29ல இருந்து அக்டோபர் 10 வரைக்கும், எங்களுக்கு தசரா லீவு, அவங்களுக்கு காலாண்டு லீவு. அஞ்சு பசங்க, நான், அண்ணன், அண்ணி.

டிக்கெட்ல ஏமாந்தோம். அண்ணனுக்குத் தெரிஞ்சவர் மூலமா யாரோ ஒருத்தர் எட்டு டிக்கெட்டுக்கு போன்ல கோடு அனுப்பினாரு, கேட்ல ஸ்கேன் பண்ணா ஆறுதான் போகுது, ரெண்டு ஏற்கெனவே உள்ள போயிடுச்சுன்னு காட்டுது. ஒரே கோட ரெண்டு மூணு பேருக்கு வித்திருக்கான், மொதல்ல யார் போறாங்களோ அவங்களுக்குத்தான். அண்ணனும் அண்ணியும் வெளியவே நின்னுட்டாங்க, மூணு மணி நேரம். பசங்களுக்கு அது தெரியாது, அப்பா பின்னாடி உக்காந்திருக்காருன்னு சொல்லி வச்சேன். இன்னிக்கு வரைக்கும் அந்தப் பணம் வரல. தயவுசெஞ்சு யாரும் முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்ட வாங்காதீங்க, உங்க நம்பர்ல நீங்களே போடுங்க.

உள்ள என் சின்னவன் ரைடர் வர்றப்பல்லாம் "பட்டுக்கோ பட்டுக்கோ"ன்னு கத்தறான். பக்கத்துல காலேஜ் பசங்க, வியாசர்பாடியாம், அக்கா தம்பி என்ன சொல்றான்னு கேட்டாங்க. புடி புடின்றான்பான்னேன். அவ்ளோதான், அடுத்த ரைடுல இருந்து அந்த வரிசையே பட்டுக்கோ பட்டுக்கோன்னு, அப்புறம் மேல் வரிசையும். என் புள்ள முகத்தப் பாக்கணுமே நீங்க. கிளாஸ்ல அவன தமிழ்ப் பையன்னு தனியா பாப்பாங்க, ஊத்துக்கோட்டை போனா தெலுங்குப் பையன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு அவன் சொன்ன வார்த்தைய அத்தனை பேரு கத்தினாங்க.

கவரைப்பேட்டை:

நான் 2025 மார்ச்ல போனேன், லீவு இல்ல, உகாதி சமயம். டேபிள் டென்னிஸ். சரத் கமலோட கடைசி போட்டி. பத்து தடவ நேஷனல் சாம்பியன், சொந்த ஊர்ல, தோத்தது ஸ்னேஹித் சுரவஜ்ஜுலாகிட்ட. எங்க அப்பா எழுந்து நின்னாரு, நானும் நின்னேன், எல்லாரும் நின்னாங்க. வேற எழுதத் தெரியல.

தடாக்காரன்:

அக்கா, அண்ணன் அண்ணி வெளிய நின்னதப் படிச்சு கஷ்டமா இருந்துச்சு. அடுத்த தடவ அவங்கதான் மொதல்ல உள்ள போகணும். தறிக்காரர் அண்ணே, காத்து விஷயம் எனக்குப் புதுசு, பசங்களுக்குச் சொன்னேன்.

கேட்டவங்களுக்காக. போறதுன்னா சாயங்கால வண்டிக்கு முந்தின வண்டியப் புடிங்க, ஸ்டேஷன் பக்கத்துலயே சாப்பிட்டுடுங்க, ஏன்னா சாப்பாடு உள்ள விடமாட்டாங்க. வயசானவங்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்குங்க, ஏசி ரெண்டு மணி நேரத்துல எலும்புக்குள்ள எறங்கிடும், நாங்க மாமாவுக்கு என் துண்டத்தான் போத்தினோம். ரயில் போயிடுச்சுன்னா மாதவரம் பஸ் ஸ்டாண்டு இருக்கு, ஆந்திரா பஸ் எல்லாம் இப்ப அங்கருந்துதான், நெல்லூர் பஸ்ஸுன்னா தடா, சூலூர்பேட்டையில நிறுத்துவாங்களான்னு ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுடுங்க. சின்னப் பசங்க இருந்தா ரெண்டாவது மேட்ச்ச பாதியில விட்டுட்டு கெளம்பறதுதான் சரி, மனசு வராது, ஆனா சரி.

மாமா பத்தி ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. நல்லா இருக்காரு. முட்டிதான் படி ஏற விடமாட்டேங்குது, அதனால இந்த வாட்டி கீழ் வரிசைக்கே டிக்கெட் போடப் போறேன், காசு அதிகம்தான், பரவால்ல. அங்க உக்காந்தாலாவது பாட்டு காதுல விழுதான்னு பாக்கணும். கபடி இல்லாம வேற ஆட்டமா இருந்தாலும் வரேன்னுட்டாரு. லீவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சதும் தேதி இங்கயே போடறேன். தடாவுல ஏறுவோம், முன்னாடி இருந்து மூணாவது பெட்டி. ஆரம்பாக்கம், கவரைப்பேட்டை ஆளுங்க அதே பெட்டில ஏறுங்க, எடம் புடிச்சு வைக்கறேன்.